தலைமடையில் ஒரு சொம்பு

வைரக்கண்ணுவின் வயிறு வீங்கியதைக் கண்ட பிறகு நன்னிலம் பக்கத்தில் எவரும் பூசணிக்காயைப் பெரிது என்று சொன்னதில்லை. மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. போன ஐப்பசியில் தின்றதுகூடப் பச்சைப் பச்சையாக வாய்வழியே திரும்பி வந்தது. வண்டி கட்டி, பஸ் மாறி, மனைவி அம்சம் அவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சனிக்கிழமை விடிந்திருந்தது.

"குடல் முறுக்கி அடைச்சுக்கிச்சு. உடனே வயித்தைத் திறக்கணும்" என்றார் டாக்டர்.

"வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயிரலாங்களா?"

"எந்த வெள்ளிக்கிழமை?"

வருகிற வெள்ளிக்கிழமைதான். சென்னையில் புது சர்க்கார் வந்து, உழுகிற குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிச் சட்டம் போட்டிருந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு எவரும் எழுப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு வேறு ஆள். மிராசுதார் ரெங்கசாமியின் ஒன்பது மா நிலத்தை வைரக்கண்ணு இருபத்திரண்டு வருஷமாக வெறும் வாய்ச்சொல்லில் உழுதுவந்தார். துண்டுச் சீட்டுகூட இல்லை. அவன் வெறும் கூலியாள் என்று மிராசுதார் எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நன்னிலத்தில் விசாரணை.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். தெருவுக்கு ஒரு குழாய்கூட இல்லாத ஊர்க்காரருக்கு இது கொஞ்சம் அதிகம். வெட்டி எடுத்த குடல் இரண்டு சாண். அந்தச் செய்தி ஊர் போய்ச் சேர்வதற்குள் பன்னிரண்டு முழமாகியிருந்தது.

"குடல் இன்னும் தூங்குது. அது முழிச்சு, காத்துப் பிரிஞ்சாத்தான் தண்ணி. அதுவரைக்கும் ஒரு சொட்டு கூடாது. எந்திரிச்சு நட" என்றார் டாக்டர்.

நடந்தார். கட்டிலிலிருந்து வராந்தாத் தூண்வரை போய்வர, திருவாரூர்த் தேர் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வரும் நேரம் பிடித்தது. இருமினால் தையல் இழுத்தது. தும்மலுக்குப் பயந்து மூக்கைப் பிடித்தால் குழாய் குறுக்கே நின்றது. காலைதோறும் டாக்டர் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "பிரிஞ்சுதா?" என்பார். வார்டு மொத்தமும் மூச்சடக்கும். இல்லை என்று வைரக்கண்ணு தலையாட்டுவார். அந்தத் தலையை ஆட்டுவதுகூட அலுப்பாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளி ஜெக்கரியா. அவருக்கும் இதே ஆபரேசன் நடந்து பத்து நாளாகியிருந்தது. "எனக்கு நாலாம் நாள் பிரிஞ்சுதுண்ணே. கேட்டுட்டு நர்சம்மா ஓடியாந்தாங்க, ஏதோ பெஞ்சு விழுந்துருச்சுன்னு."

புதன்கிழமை மூக்குக் குழாயை எடுத்தார்கள். தண்ணீர் மட்டும் கிடையாது. நாக்கு சித்திரை மாதத்து வயலாக வெடித்துக் கிடக்க, வைரக்கண்ணு யோசித்தார். வாய்க்கால் அடைத்தால் என்ன செய்வோம்? கோரையை அறுத்து, சேற்றை வாரி, தலைமடையைத் திறந்துவிடுவோம். வருகிற தண்ணீர் மிச்சத்தைத் தள்ளிக்கொண்டு போகும். டாக்டர் அறுத்தார், வாரினார், மடையைத் திறக்க மறந்துவிட்டார். பட்டணத்துப் பிள்ளை, அவருக்கு என்ன தெரியும்! ஜெக்கரியா குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய சொம்பை எடுத்து ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொண்டார்.

அரை மணியில் வயிறு மறுபடி பூசணிக்காய். வாந்தி எதிர்க் கட்டில்வரை பாய்ந்தது. மூக்கில் திரும்பக் குழாய்.

டாக்டர் சாமியாடினார். "இது வாய்க்காலாய்யா? தைச்ச இடம்! தையல் விட்டு உள்ள கொட்டிச்சுன்னா நன்னிலம் இல்ல, நேரா சுடுகாடுதான்."

"வெள்ளிக்கிழமைங்க..."

"அந்த வெள்ளிக்கிழமை போச்சு."

வைரக்கண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் ஒரு சொம்புத் தண்ணீரில் போயிற்று.

"நான் போறேன்" என்றாள் அம்சம்.

"நீ போயி என்னத்த சொல்லுவ?"

"நட்டவளுக்குச் சொல்லத் தெரியாதா? பேசாம படுங்க."

ஜெக்கரியாவிடம் புருஷனையும், அதைவிடக் கவனமாகச் சொம்பையும் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் காற்றுப் பிரிந்தது. வார்டு கைதட்டியது, ஜெக்கரியா விசிலே அடித்தார். வைரக்கண்ணுவுக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. நன்னிலத்தில் இந்நேரம் முடிந்திருக்கும்.

மறுநாள் காலை அம்சம் வந்தாள். கால் வீங்கியிருந்தது. கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள்.

"மிராசுதார் கணக்கப்பிள்ளை பஞ்சநதம் வந்திருந்தாரு. குத்தகைக்காரன்னு சொல்ற ஆளே வரலையே, பாருங்கன்னாரு. அதிகாரி என்னைப் பாத்து, நிலத்தைப் பத்திச் சொல்லும்மான்னாரு. எந்த மூலையில தண்ணி ஏறாது, எந்த வரப்புல நண்டு ஓட்டை போடும், எங்க காலு பொதையும்னு சொன்னேன். அப்புறம் அதிகாரி கணக்கப்பிள்ளைகிட்ட திரும்பி, வடிகால் எந்தப் பக்கம்னாரு. பஞ்சநதம் மேட்டுப் பக்கம் கையைக் காட்டுனாரு பாருங்க, பியூனே சிரிச்சுட்டாரு."

"பேரு ஏறிச்சா?"

"ஏறிச்சு."

வைரக்கண்ணு கண்ணை மூடித் திறந்தார். "எம் பேருதானே?"

"எம் பேரு. உங்க பேரத்தான் சொன்னேன். வந்து நின்ன ஆளைத்தான் எழுதுவேன்னுட்டாரு. ஓரத்துல, 'கணவர், நோயாளி'ன்னு போட்டிருக்காரு."

"அப்ப நான் யாரு, புள்ள?"

"மூணு மாசத்துக்கு மம்பட்டியத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் வாங்க. வேலை இருந்தா கூப்புடுறேன்."

சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.