இரட்டைப் பதிவு

1

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்கு, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இக்கதை பிறந்தது. பிறப்பு கௌரவமானதன்று. நான் ஒட்டுக்கேட்டேன். என்னுடன் தங்கி வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் தங்கை மகளின் அறைக்கதவு சரியாகச் சாத்தாது. அதன் வழியே இவ்வாக்கியம் வந்து விழுந்தது:

"ஒரே சண்டை ரெண்டு தடவை ஏறியிருக்கு சார். ஒண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணை அழிச்சுட்டேன்."

இத்தகைய வாக்கியத்தைக் கேட்டும் எழுதாதிருப்பவர் எழுத்தாளர் அல்லர்.

அவள் நீதிமன்ற விசாரணைத் தரவுகளுக்கான மென்பொருளை எழுதுகிறாள். எந்த வழக்கு, எந்த அறை, என்றைக்கு வாய்தா என்பதையெல்லாம் வைத்துக்கொண்டு கட்சிக்காரர்களுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள். அதிலும் அவளுடையது பேக்எண்ட் எனப்படும் உட்பகுதி. யார் கண்ணிலும் படாது. பட்டால் பழுது என்று பொருள்.

முதல் தொடக்கம்: 'திரையில் பச்சை எழுத்துகள் மழையெனப் பொழிய—'

"மழையெல்லாம் பெய்யாது பெரியம்மா. வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து. உங்க கரண்ட் பில் மாதிரி இருக்கும்."

இரண்டாம் தொடக்கம்: 'நீதிபதி புருவத்தை உயர்த்தி—'

"எங்க டேட்டாவுல நீதிபதிக்குப் புருவம் கிடையாது. அவர் ஒரு நம்பர்."

மூன்றாம் தொடக்கத்தை அவளிடம் காட்டவில்லை. அதைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2

பழைய வழக்குகளை இரண்டு அலுவலகங்களில் கணினியில் ஏற்றினார்கள். பல வழக்குகள் இருமுறை ஏறின. சில எழுத்தர்கள் வழக்குத் தொடுத்தவர் பெயரை முதலில் இட்டார்கள்; சிலர் மனம்போனபடி இட்டார்கள். ஆகவே இரட்டைப் பதிவுகளைக் களைய என் தங்கை மகள் ஒரு நிரல் எழுதினாள். அதே இரண்டு பெயர்கள், எந்த வரிசையில் இருந்தாலும் சரி; அதே கதவு எண்; அதே நீதிமன்றம். மூன்றும் பொருந்தினால் இரண்டும் ஒரே வழக்கு. முன்னர் வந்தது நிற்கும். பின்னர் வந்தது போகும்.

வாசகரே, மனிதர்களோடு சற்றேனும் பழகியவராயின் நீங்கள் பிழையை இதற்குள் கண்டிருப்பீர்கள். ஒருவர்மீது வழக்குப் போட்டால் அவர் கைகட்டி நிற்பாரா? திருப்பிப் போடுவார். அவ்வாறு போட்டவர்கள் அனைவரும், நிரல் ஓடிய முந்தைய சனிக்கிழமையன்று மாயமானார்கள். முதலில் வழக்குத் தொடுத்தவரே நியாயவான் என்ற சட்டத்தை எந்தச் சபையும் இயற்றவில்லை. என் தங்கை மகள் இயற்றிவிட்டாள்.*

[* சிறுவயதில் இவளும் இவள் அண்ணனும் ஒருவர்மேல் ஒருவர் கொண்டுவந்த புகார்களை நான் ஒருபோதும் ஒன்றாக்கியதில்லை. இருவருக்கும் தனித்தனியே உதை கிடைத்தது.]

3

வியாழக்கிழமை, கீழ்த்தளத்தில் தையற்கடை வைத்திருக்கும் பெண்மணி எங்கள் திரைச்சீலைகளைக் கொண்டுவந்தார். அவர் கண்களில் சொல்லொணாத் துயர— அந்த வரியை அடித்துவிட்டேன். கண்களில் கோபம் இருந்தது. வாயில் குண்டூசி இருந்தது. எடுத்துவிட்டுப் பேசினார்.

"அம்மா, உங்க பொண்ணு கோர்ட்டு கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குது? என் கேஸைக் காணோம்."

"காணோமா? அதென்ன, கத்தரிக்கோலா?"

"கத்தரிக்கோல்னா தேடி எடுத்துடுவேனே! கடையைக் காலி பண்ணுன்னு என் மூத்தார் போட்ட கேஸுக்கு மெசேஜ் வந்திருக்கு, திங்கக்கிழமை வாய்தான்னு. காலி பண்ண வைக்கக் கூடாதுன்னு நான் போட்டதுக்கு ஒண்ணும் வரலை. வக்கீல் போய்க் கேட்டா அப்படி ஒரு நம்பரே இல்லையாம். போன வாய்தாவுல ஜட்ஜு என் முகத்தைப் பாத்துப் பேசினாரும்மா!"

மூத்தார் என்பவர் அவருடைய கணவரின் அண்ணன். கணவர் இறந்துவிட்டார். திங்கட்கிழமை மூத்தாரின் வழக்கு மட்டும் கூப்பிடப்பட்டால் கடை போய்விடும். இக்கதையில் பணயம் அந்தக் கடைதான். வேறெதையும் தேடிக் களைக்க வேண்டாம்.

தங்கை மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். "அக்கா, ரெண்டு கேஸுலயும் ஒரே கதவு எண்ணா?"

"ஒரே கடைக்குத்தானேம்மா அடிச்சுக்கிறோம்? வேற வேற கடைன்னா எதுக்கு அடிச்சுக்கப் போறோம்?"

நிரல் எழுதுமுன் இதை யாரேனும் ஒருவர் ஒரு தையற்கடையில் விசாரித்திருக்கலாம்.

4

அவளுடைய குழுத் தலைவர் தொலைபேசியில் பேசினார். கதவின் நிலையை முன்னரே சொல்லியிருக்கிறேன். இம்முறை ஒலிபெருக்கியும் போட்டிருந்தாள். எனக்காகவே போட்டாள் என்பது என் துணிபு.

"எதிர்வழக்கு எல்லாத்தையும் திரும்பப் போடணும் சார்."

"விளையாடுறியாம்மா? நிலுவை இவ்வளவு குறைஞ்சதே இல்லைன்னு மேல எல்லாரும் குளுகுளுன்னு இருக்காங்க. அதைக் கொண்டாடப் புதன்கிழமை விழா வேற. இப்பப் போய், போன கேஸெல்லாம் திரும்பி வந்துடுச்சுன்னு சொல்லவா?"

"அதெல்லாம் முடிஞ்ச கேஸ் இல்லை சார். நான் அழிச்ச கேஸ்."

"அழிச்சேன்னு சொல்லாதே. ஒழுங்குபடுத்தினேன்னு சொல்லு. புகார் ஏதாவது வந்துச்சா?"

"புகார் குடுக்கணும்னா கேஸ் நம்பர் போடணும் சார். அதைத்தானே எடுத்துட்டோம்?"

"அப்ப வரலை. வரலைன்னா பிரச்சினை இல்லை." அவள் தையற்கடைப் பெண்மணியைப் பற்றிச் சொன்னாள். "அந்த ஒரு அம்மா கேஸை மட்டும் சத்தமில்லாம உள்ள போட்டுடு. யாருக்கும் தெரியாது."

இம்மனிதரை நான் கற்பனை செய்திருந்தால் மிகைப்படுத்தியதாக என்னைக் கண்டித்திருப்பீர்கள்.

5

இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்று எழுதமாட்டேன். தேநீர் போட்டு வைத்திருந்தேன், அவ்வளவே.

"மூத்தார் ஏன் கேஸ் போட்டார்னு எங்கயுமே இல்லையே பெரியம்மா?"

"அவர்தானேடி கதையில கெட்டவர்? அதுக்கு மேல என்ன வேணும்?"

"அவர் கேஸை நீங்க டெலீட் பண்ணிட்டீங்க. நான் கோர்ட்டுக்கு முதல்ல வந்தவரை வெச்சுக்கிட்டேன். நீங்க நம்ம வீட்டுக்கு முதல்ல வந்தவங்களை வெச்சுக்கிட்டீங்க. ரெண்டும் ஒரே நிரல்தான்."

தேநீரை அவளே எடுத்துக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை மூத்தாரின் வீட்டுக்குப் போனேன். பேராசையின் மொத்த உருவத்தை எதிர்பார்த்த எனக்கு, நாற்காலியிலிருந்த துணிமூட்டையை இறக்கி இடம் செய்து கொடுத்த ஒரு மனிதர் கிடைத்தார்.

"அந்தக் கடையை நானும் தம்பியும் சேர்ந்து கட்டினோம்மா. அவன் இருந்த வரைக்கும் நான் வாயைத் திறந்ததில்லை. இப்ப என் பொண்ணு ரெண்டு பிள்ளைங்களோட திரும்பி வந்து நிக்குது. அதுக்குப் பிழைக்க ஒரு இடம் வேணாமா?" வாசல்வரை வந்தவர், "இதையும் எழுதுவீங்களா?" என்றார்.

எழுதிவிட்டேன்.

6

எழுதிக் கைவிட்ட முடிவுகள்:

அ. நீதிபதி என் தங்கை மகளை அழைத்துப் பாராட்டி— (அவர் ஓர் எண். எண்கள் பாராட்டுவதில்லை.)

ஆ. விழா மேடையில் திரை அணைந்து, குழுத் தலைவர் திருதிருவென்று— (எனக்கு இனித்தது, ஆகவே நீக்கினேன்.)

இ. அவள் தையற்காரரின் வழக்கை மட்டும் சத்தமின்றிச் சேர்த்தாள். கடை பிழைத்தது, வேலையும் பிழைத்தது, எல்லோரும் நலம். உங்களில் பலர் இதைத்தான் விரும்பியிருப்பீர்கள். முகவரி அறியாத மற்றவர்களின் வழக்குகள் எக்கேடு கெட்டால் நமக்கென்ன? கதையில் வராதவர்கள்தானே.

7

முடிவானவை பின்வருமாறு.

வெள்ளிக்கிழமை மாலை, அவள் நீக்கிய எதிர்வழக்குகள் அனைத்தையும் திரும்பச் சேர்த்தாள். பிழை தன்னுடையது என்று நீதிமன்றப் பதிவாளருக்குத் தன் பெயரிலேயே எழுதினாள். குழுத் தலைவருக்கும் ஒரு நகல் அனுப்பினாள். நிலுவை பழைய உயரத்துக்கு ஏறியது. விழா நடந்தது; எதற்காக என்று அழைப்பிதழில் இல்லை. அவளைப் பேருந்து முன்பதிவு மென்பொருளுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரே இருக்கையை இருவருக்குக் கொடுத்தாலும் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று குழுத் தலைவர் கருதுகிறார்.

திங்கட்கிழமை இரு வழக்குகளும் சேர்த்துக் கூப்பிடப்பட்டன. தீர்ப்பு வரும்வரை கடை இருந்தபடியே இருக்கும் என்று உத்தரவாயிற்று. தீர்ப்பு வரவில்லை.

யாருக்குக் கடை என்பதை நானும் எழுதப்போவதில்லை. ஒருவரை மட்டும் கேட்டிருந்தபோது முடிவு கையில் தயாராக இருந்தது. மூத்தாரின் நாற்காலியில் உட்கார்ந்ததில் அது போயிற்று. உங்களிடம் ஒன்று இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாய்தா ஜூன் மாதம். செய்தி வந்தபோது நான் தையற்கடையில் இருந்தேன். தையற்காரரின் கைப்பேசி இருமுறை ஒலித்தது: மூத்தாரின் வழக்குக்கு ஒன்று, அவருடையதற்கு ஒன்று. குண்டூசியை வாயிலிருந்து எடுக்காமலே இரண்டையும் படித்துவிட்டு அவர் தைக்கத் தொடங்கினார்.