சொரசொரப்பான பக்கம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கலை உலகமே மூச்சடக்கிக் காத்திருக்க வேண்டிய ஒரு புகைப்படம் அந்த வீட்டுக் கூடத்தில் எடுக்கப்படவிருந்தது. எடுக்கப்போகிறவன், 'ஒளி ஓவியர்' என்று தனக்குத் தானே பலகை எழுதி மாட்டிக்கொண்ட மகன். உட்காரப்போகிறவர் அவனுடைய அப்பா. ஊரில் பாதிப் பேரைப் படம் பிடித்தவருக்குச் சொந்தமாக ஒரு படம் கிடையாது. அடையாள அட்டையில் இருப்பது ஒன்றுதான். அதில் போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருப்பார்.

டாக்டர் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என் பெட்டியிலயே எடு. நான் போனப்புறம் அந்த அட்டையப் பெருசாக்கி மாட்டிடாதீங்க."

பெட்டி என்பது முக்காலியில் நிற்கும் பழைய மரக் கேமரா. முன்னால் லென்ஸ், நடுவில் மடிந்து விரியும் கறுப்புத் துருத்தி, பின்னால் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடி. மகன் அதைத் துடைத்து நிறுத்தினான். அழகு பார்க்க, கலைஞனுக்குரிய தோரணையோடு பின்னால் நகர்ந்தான். மேலே போட்டிருந்த கறுப்புத் துணியின் நுனி அவன் காலில் சுற்றியிருந்தது. துணி வந்தது. பெட்டியும் கூடவே வந்தது.

"என்ன சத்தம்?" என்றார் அப்பா உள்ளறையிலிருந்து.

"குக்கர் மூடிப்பா."

"மூடி இவ்ளோ நேரமாவா விழும்?"

கண்ணாடி தூள். துருத்தியில் விரல் நுழையும் கிழிசல். ஒளி ஓவியர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி திட்டவில்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. மாமனாரின் குடைத்துணியை வெட்டித் துருத்தியின் உள்பக்கம் ஒட்டினாள். படச் சட்டம் போடும் கடையில் அவன் கண்ணாடி வெட்டி வந்தான். சாணைப்பொடியும் தண்ணீரும் விட்டு, ஒரு பக்கம் பால் போல மங்கும்வரை இருவரும் தேய்த்தார்கள்.

"எந்தப் பக்கம் உள்ள போகணும்?"

"என்கிட்டயே கேக்குறியா?" வழவழப்பான பக்கம் உள்ளே இருந்தால் தூசி ஒட்டாது என்று ஆழ்ந்து சிந்தித்து மாட்டினான்.

அப்பாவைத் தூக்கி வந்து சுவரோரம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"சிரிக்கணுமாடா?"

"உங்க இஷ்டம்பா."

"அப்ப என் பல்ல எடுத்துட்டு வாம்மா."

மருமகள் கொண்டுவந்த பல்செட்டைப் போட்டுக்கொண்டார். ஆனால் சிரிக்கவில்லை. "என் குடை எங்க காணோம்?" என்று மட்டும் கேட்டார். 

மகன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். அப்பா தலைகீழாகத் தெரிந்தார். கண்ணோரச் சுருக்கம், சவரத்தில் தப்பிய நரைமுடி எல்லாம் தெரிந்தன. அவரை அவ்வளவு நேரம் அவன் பார்த்ததே இல்லை. அழுவதற்குத் துணி வசதியாக இருந்தது.

"தெளிவா இருக்கேனா?"

"இருக்கீங்கப்பா."

அந்தப் பெட்டியின் அளவுக்குக் கிடைத்த ஒரே பிலிமைச் செருகி எடுத்தான்.

அந்த வாரமே அவர் போய்விட்டார். படத்தைக் கழுவியபோதுதான் மகனுக்கு உறைத்தது. சொரசொரப்பான பக்கம்தான் லென்ஸைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் கண்ணாடியின் கனத்துக்கு ஏற்ப ஃபோகஸ் ஆளைத் தாண்டிப் பின்னால் போய்விடும். அப்பாவின் முகம் வெறும் புகை.

"ஆன்மாவையே பிடிச்சிட்டான்," என்றார் துக்கம் கேட்க வந்த சித்தப்பா.

"கண்ணாடியத் திருப்பிப் போட்டுட்டேன் சித்தப்பா."

"என்ன அடக்கம் பாருங்க," என்றார் அவர் மற்றவர்களிடம்.

படத்தில் தெளிவாக விழுந்திருந்தது, தலைக்கு மேலே சுவரில் இருந்த ஆணி. அதில்தான் படத்தை மாட்டினார்கள்.