வீட்டுக்கு ஒரு வாக்காளர்

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவர். அங்கே வண்டிகளை விரட்டிய வாய், இப்போது தொலைக்காட்சியில் விவாதம் செய்கிறவர்களை விரட்டுகிறது. சாயங்காலம் ஏழு மணி ஆனால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாட்டைக் கிழித்துத் தொங்கவிடுவார். நான் கண் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக டோக்கன் கொடுக்கிறவள். நாள் முழுக்க ஜனங்களிடம் ஏச்சு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், மந்திரிகளுக்கு விழுகிற ஏச்சையும் நானே கேட்டாகவேண்டும். மந்திரிகள் காதில்தான் அது விழப்போவதில்லையே.

அப்படியொரு ஏழு மணிக்குத்தான் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஒரு பெண் வந்தாள். கையில் படிவங்கள், தோளில் பை. ஓட்டுக் கேட்க வந்த கட்சிக்காரி என்று இவராகவே முடிவு செய்துகொண்டார். அவளை வாயைத் திறக்கவே விடவில்லை. சாக்கடையில் ஆரம்பித்து வெளிநாட்டுக் கொள்கை வரைக்கும் இருபது நிமிடம். "இனிமே என் வாசப்படிய மிதிச்சீங்கன்னா நடக்கிறதே வேற!" என்று முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். என் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவருடையதில் அவர்தான் போடவேண்டுமாம். கொண்டுபோய் நீட்டினேன்.

"எந்தக் கட்சி நோட்டீசையும் நான் தொடமாட்டேன்."

"நோட்டீஸ் இல்லீங்க, இது…"

"விவாதம் ஓடுதுல்ல!"

எக்கேடு கெட்டுப் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னால் வீட்டுக்கு ஒரே ஒரு வாக்காளர் சீட்டு வந்தது, என் பெயரில். பின்பக்கத்தில் தன் பெயர் இருக்குமோ என்று அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேர்தல் அலுவலகத்துக்கு ஓடினோம். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டி வாசித்தார்: "வீட்டில் இருந்தவர் விவரம் தர மறுப்பு. பெயர் நீக்கம்." திருத்தம் கேட்கும் கெடு போன வாரமே முடிந்துவிட்டதாம். இவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவரைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. இளவயதிலிருந்து ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. கொதிக்கிற காய்ச்சலோடு போய் வரிசையில் நின்ற மனிதர். "அது ஒண்ணுதான் என் கையில இருந்துச்சு" என்றார். பாவமாகத்தான் இருந்தது.

அந்தப் பாவம் சாயங்காலம் வரைதான். அதற்குள் அவருக்கு என் ஓட்டு ஞாபகம் வந்துவிட்டது.

இத்தனை வருடமும் அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. சாவடிக்குப் போகும் வழியில் "இந்தச் சின்னம், மறந்துடாத" என்பார். பால் வாங்கிவரச் சொன்னதுபோல நானும் போட்டுவிட்டு வந்துவிடுவேன். இந்த முறை ஐஸ் மேல் ஐஸ். காலையில் படுக்கைக்கே டீ வந்தது. மூன்று வருடமாக எரியாத குளியலறை விளக்கு எரிந்தது. என் அக்காவை அவருக்கு ஆகவே ஆகாது. அவள் வீட்டில் ஒரு வாரம் போய்த் தங்கலாம் என்று அவரே சொன்னார். எதைச் செய்தாலும் கடைசியில் ஒரு வார்த்தை: "இருக்கிறதுல நம்ம ஆளு தேவலாம், என்ன?"

"அக்கா வீட்டுக்குத் தேர்தலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான். இப்ப எங்க நேரம்?"

இந்தப் பதிலை எந்த மேடையில் கேட்டேன் என்றுதான் ஞாபகம் வரவில்லை.

தேர்தலன்று சாவடி வாசல்வரை கூடவே வந்தார். காவலர் அங்கேயே நிறுத்திவிட்டார். உள்ளே தடுப்புக்குப் பின்னால் நான் மட்டும். அவர் சொன்ன சின்னம் மேலிருந்து இரண்டாவது. விரல் அதுபாட்டுக்கு அங்கே போயிற்று. அப்போதுதான் கடைசிப் பெயர் கண்ணில் பட்டது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், சுயேச்சை. டெபாசிட்கூடத் தேறாது என்று இவர் சிரித்த பெயர். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தவர். போன மாதம் கண்ணைக் காட்ட வந்தபோது நேராக உள்ளே போயிருக்கலாம். என் ஜன்னலில் டோக்கன் வாங்கி, மூன்று மணி நேரம் எல்லோரோடும் நின்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. வீட்டுக்காரர்மேல் இல்லை, என்மேல். ஏழு தேர்தலாக இந்தத் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறேன். உனக்கு யார் வேண்டும் என்று என்னையே நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

வெளியே வந்ததும் ஓடிவந்தார். "நம்ம ஆளுக்குத்தானே?"

"இல்லீங்க. அந்த நர்ஸம்மாவுக்கு."

"வீணாக்கிட்டியே!"

தெருவே திரும்பிப் பார்த்தது. கத்தி முடித்து, மூச்சு வாங்கி, யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு ஏன் போட்ட?"

ஏன் லேட்டு, ஏன் உப்பில்லை, ஏன் போனை எடுக்கவில்லை என்று முப்பத்தொரு வருடத்தில் என்னிடம் ஆயிரம் ஏன் கேட்டிருக்கிறார். என் அபிப்பிராயம் என்னவென்று தெரிந்துகொள்ளக் கேட்ட முதல் ஏன் இதுதான். வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டில்லாதவர் வேறு என்ன செய்வார்?