அரை அங்குலம்

ஜாக்கியை இறக்கியதும் காருக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மெக்கானிக் குனிந்து பார்த்தான்.

பின் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது அளவெடுத்து, புது ஐந்து கியர் பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் ஷாஃப்ட் செய்திருந்தான். கார் தரையில் உட்கார்ந்ததும் அச்சு மேலேறி, ஷாஃப்ட் கியர் பாக்ஸை முட்டிவிட்டது. அரை அங்குலம் கூடுதல் நீளம். ஓட்டினால் பாக்ஸ் உடையும்.

போனில் மனைவி. “அப்பா வந்துட்டிருக்காருங்க. கார் ரெடிதானே?”

அறுபது வருஷத்துக் கார், மாமனாருடையது. “ஆயில் மட்டும் மாத்துங்க மாப்ள, வேற கை வைக்காதீங்க” என்று கொடுத்தது. நெடுஞ்சாலையில் என்ஜின் அலறாமல் ஓடட்டுமே என்று, கேட்காமலே தரைத்தகட்டை அறுத்துப் புது பாக்ஸை மாட்டியிருந்தான்.

அவசரமாக மறுபடி தூக்கினான். மாமனார் வந்துவிட்டார்.

“என்ன மாப்ள, புதுக் கியர் கம்பி? யாரைக் கேட்டீங்க?”

“அஞ்சு கியர் மாமா. பாருங்க.”

ஸ்டார்ட் செய்து ஐந்தாவதைப் போட்டான். பின் சக்கரங்கள் அந்தரத்தில் சுழன்றன. என்ஜின் மெல்ல முனகியது.

மாமனார் முகம் மலர்ந்தது. “அடேயப்பா! உங்களைப் போய் ‘எதையும் முழுசா முடிக்க மாட்டார்’னு சொல்றாளே எம் பொண்ணு!”

என்ஜினை நிறுத்தி அவன் இறங்கியதும், அவரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். “இறக்குங்க, ஒரு ரவுண்டு போலாம்.”

அவன் ஜாக்கிப் பிடியிலிருந்து கையை எடுத்தான்.

“இறக்கினா ஓடாது மாமா. அளவைத் தப்பா எடுத்துட்டேன்.”

சிரிப்பு நின்றது. “சரி, பழைய பாக்ஸையே மாட்டுங்க.”

“அதைக் காயலான் கடையில போட்டுட்டேன் மாமா.”