குட்டுப் பால்

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த கஸ்தூரியின் மகள் நாகவல்லிக்கு இரண்டு வயதாகியும் பால் ஒத்துக்கொள்ளவில்லை. பசும்பால், எருமைப்பால், டின் பால், எதைக் கொடுத்தாலும் வயிறு உப்பிப் பேதியாகும். டாக்டர் பாலையே நிறுத்தச் சொல்லிவிட்டார். கேழ்வரகுப் பாலைக் குழந்தை துப்பியது.

டேராடூனிலிருந்து மாற்றலாகி எதிர் வீட்டுக்கு வந்த வனஜாதான் வழி கண்டுபிடித்தாள். வடக்கே விரத நாளில் சாப்பிடும் குட்டு என்ற முக்கோணத் தானியத்தை அவள் மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள். அதை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, வெல்லம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். நாகவல்லி டம்ளரைக் காலி செய்தாள். வயிறு சாதுவாக இருந்தது.

கஸ்தூரிக்கு முதலில் நிம்மதிதான். குழந்தைக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் தூங்கி எழுந்ததும் எதிர் வீட்டைப் பார்த்துக் கை நீட்டத் தொடங்கியது. ஒருநாள் வனஜாவின் இடுப்பில் இருந்தபடி பெற்றவளுக்கே டாட்டா காட்டியது. அன்று கஸ்தூரி வைத்த சோறு அடிபிடித்துப் போனது.

"பெத்தவ நானு. என்னாண்ட வர்றதுக்கு அது அழுவுது," என்று கணவன் கஜபதியிடம் சொன்னாள்.

"புள்ள குட்ச்சா சரி. யார் குட்த்தா இன்னா?" என்றான் அவன்.

மறுநாள் வனஜாவிடம் தானியம் வாங்கிவந்து தானே காய்ச்சினாள். பால் கோந்துபோல் கொழகொழத்தது. குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. இன்னொரு முறை செய்தும் அதே கதை. கிண்ணத்தோடு நேராக எதிர் வீட்டுக்குப் போனாள்.

"இன்னாக்கா, எனக்கு மட்டும் இப்டி ஆவுது? நீ இன்னாவோ சொல்லாம உட்டுகீற."

வனஜா கிண்ணத்தையே பார்த்தாள். "ஊறுன தண்ணிய கொட்டிட்டு, வழவழப்பு போற வரைக்கும் அலசணும். அத நான் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா பாப்பா இங்க வராது. உனக்கின்னா, எப்பவும் அது உன் பக்கத்துலதான் படுக்கும். கல்யாணமாயி இத்தினி வருஷத்துல எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல."

திட்டுவதற்கென்று வந்த கஸ்தூரி கிண்ணத்தோடு திரும்பி நடந்தாள். தன்னைப் பார்த்தும் ஒருத்தி வயிறெரிவாள் என்று அவள் நினைத்ததில்லை.

வீட்டில் மீதியிருந்த தானியத்தை நன்றாக அலசி அரைத்தாள். நாகவல்லி குடித்தாள். அதன் பிறகு குழந்தையை எதிர் வீட்டுக்கு விடாமல் கஸ்தூரி தன் வீட்டுக் கதவைச் சாத்தியே வைத்தாள். ஆனால் குழாயடியில் வனஜா தலை நிமிராமல் குடத்தைத் தூக்கிப் போனதைப் பார்த்த அன்று, ஜெயித்த சந்தோஷம் கஸ்தூரியிடம் தங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குத் தலை சீவி எதிர் வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.

"கடைக்குப் போறேங்க்கா. பாத்துக்கோ," என்றவள், படியிறங்கும்போது திரும்பினாள். "பாலு நானே குட்த்துட்டேன்."

அதைச் சொல்லாமல் போக அவளால் முடியவில்லை.