நின்ற இடத்திலிருந்து எறிந்த பந்துகள்

முடிவெட்டும் கடைக்காரன் டுவேன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

“என்ன கோச், சனிக்கிழமை மாப்பிள்ளையை இறக்கிடுவீங்கபோல?”

கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்ததால் ரஸ் வாண்டஹேயால் திரும்ப முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தார். முறைக்குக் காத்திருந்த இரண்டு பேர் செய்தித்தாளைத் தாழ்த்திக்கொண்டு அவர் பதிலுக்காகக் காதை நீட்டியிருந்தார்கள்.

“கால் சரியானவன் ஆடுவான்” என்றார்.

“அதானே! கால் சரியில்லைன்னு சொல்றதும் நீங்கதான், சரியாயிடுச்சுன்னு சொல்றதும் நீங்கதான்” என்றான் டுவேன். கடையே சிரித்தது. ரஸ்ஸும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வீடு வரும்வரை கூடவே வந்தது.

நெப்ராஸ்காவில் அந்தச் சின்னக் கல்லூரி ஊருக்கு இருக்கும் ஒரே பெருமை, பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால் அணி. அந்த அணிக்கு மூளையும் கையும் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வருவது அவனிடம்தான். அதை யாரிடம் எறிவது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுப்பவனும் அவன்தான். அந்த இடத்தில் ஆடிவந்த ட்ரென்ட் கோலாருக்கு, போன ஆட்டத்தில் ஒரு தடியன் மேலே விழுந்து வலது கணுக்கால் பிசகிவிட்டது. அவனுக்கு அடுத்தவன் மைக்கா ஆஸ்ட்ராண்டர். கடைசி வருஷ மாணவன். ஒரு ஆட்டத்தைக்கூட முதலிலிருந்து ஆடியதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே கல்லூரிப் படிப்பு முடியப் போகிறது. சனிக்கிழமை, பக்கத்து ஊர்க் கார்லின் கல்லூரியோடு நடக்கும் ஆட்டம்தான் சொந்த மைதானத்தில் அவனுக்குக் கடைசி.

கோடையில் ரஸ்ஸின் மகள் லிண்டியின் விரலில் மோதிரம் போட்டவனும் அதே மைக்காதான். ஊர் வாய்க்கு அது போதாதா?

வியாழக்கிழமை மதியம் மைதானத்தில் ட்ரென்ட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அணியின் பிசியோ க்வென், வேறொருவனின் தோள்பட்டைக்குக் கட்டுப் போடக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

“கை நல்லாதான் இருக்கு கோச். காலைத்தான் பாக்கணும். இடப்பக்கமா ஓடவிட்டு எறியச் சொல்லுங்க. அதுல ஒளிச்சு மறைக்க முடியாது.”

ரஸ் ட்ரென்ட்டை நின்ற இடத்திலிருந்தே எறியச் சொன்னார். மறுமுனையில் பந்தைப் பிடித்தவன் மைக்கா. ஒவ்வொரு பந்தும் கயிறு கட்டி இழுத்ததுபோல அவன் நெஞ்சுக்கு நேராகப் போய் விழுந்தது. ட்ரென்ட் தானாகவே இடப்பக்கம் திரும்பி, அடுத்து ஓடச் சொல்வார் என்று காத்து நின்றான். அவன் முகத்தில் ஏற்கனவே ஒரு பயம்.

“போதும்” என்றார் ரஸ்.

மைக்கா கையில் பந்தோடு அப்படியே நின்றான். தூரத்தில் இருந்ததால் அவன் முகம் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று ரஸ்ஸுக்குத் தோன்றியது.

கட்டிடத்துக்குள் க்வென் எதிர்ப்பட்டாள். “ஓடினானா கோச்?”

“நல்லா எறிஞ்சான்.”

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சாப்பாடு என்றால் ரஸ் வீட்டில் குவார்ட்டர்பேக்குகளுக்குத்தான். ரஸ்ஸின் மனைவி நொரீன் பெரிய பாத்திரத்தில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டுச் சில்லி வைப்பாள். கூடவே அடுப்பிலிருந்து சுடச்சுட, இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியான சினமன் ரோல். சனிக்கிழமை எவன் முதலில் இறங்கப் போகிறானோ அவன் தட்டுப் பக்கத்தில் ரஸ் ஒரு மணிக்கட்டுப் பட்டையை வைப்பார். ஆட்ட உத்திகளுக்கான எண்களைப் பொடி எழுத்தில் அச்சடித்துச் செருகிய கறுப்புப் பட்டை. அதை வைத்த பிறகு பேச்சில்லை.

ட்ரென்ட் ரோலைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்தான்.

“டேய், டேய்! இனிப்பைக் கொண்டுபோய்க் கறிக்குழம்புல முக்கித் தின்ற ஊரை நான் எங்கயுமே பாத்ததில்லடா” என்றான் ஓரிகன் மாநிலத்திலிருந்து வந்த மைக்கா.

“இத்தனை வருஷமா இதையேதான் சொல்ற. இத்தனை வருஷமா ரெண்டு ரோல் உள்ள தள்ளுற.”

“தனித்தனியா தள்றேன்டா. மரியாதையா.”

நொரீன் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரஸ் பட்டையை எடுத்து ட்ரென்ட்டின் தட்டுப் பக்கத்தில் வைத்தார்.

ட்ரென்ட் அதை உடனே தொடவில்லை. “தேங்க்ஸ் கோச்” என்றான். மைக்கா அவன் முதுகில் தட்டி, “கலக்குடா” என்று ரோல் தட்டை அவன் பக்கம் நகர்த்தினான். லிண்டி எழுந்து, பாதி சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டாள். பீங்கான் ‘ணங்’கென்று சத்தம் போட்டது.

பையன்கள் போன பிறகு அவள் கைகட்டி நின்றாள்.

“அப்பா, மைக்கா ஒண்ணுமே சொல்லல. சாக்ஸ் தொலைஞ்சாகூட என்கிட்ட வந்து கதை சொல்றவன், இன்னைக்கு மைதானத்துல நடந்ததைப் பத்தி வாயே திறக்கல. அதான் கேக்கறேன். ட்ரென்ட்டை ஓடவிட்டுப் பாத்தீங்களா?”

“லிண்டி, இது ஃபுட்பால் விஷயம்.”

“அப்போ ஓடவிடல.”

“உன் ஆளுக்காகப் பேசறியா?”

கேட்ட மாத்திரத்தில் அந்த வார்த்தையைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள மாட்டோமா என்றிருந்தது அவருக்கு. லிண்டியின் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை. “ட்ரென்ட்டுக்காகப் பேசறேன்ப்பா” என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனாள்.

நொரீன் மேஜையைத் துடைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமலே சொன்னாள். “சொந்தப் பொண்ணுக்கு எதிரா நின்னாத்தான் நேர்மைன்னு உனக்கு யாரு ரஸ் சொன்னது? டுவேனா?”

சனிக்கிழமை காலை காற்றில் குளிர் கத்தியாக இருந்தது. கார் நிறுத்துமிடம் முழுக்கப் புகையும் சுட்ட இறைச்சி வாசனையும். ரஸ் உடைமாற்றும் அறைக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. கைப்பிடியில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

உள்ளே ட்ரென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மைக்கா அவன் முன்னால் முழங்காலிட்டு, ஷூவின் லேஸை முழுக்க உருவிவிட்டு, வீங்கிய காலை அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்துக்கொண்டிருந்தான்.

“ஆ... மெதுவாடா பாவி!”

“விரலை மடக்காதடா. கோச் வர்றதுக்குள்ள போட்டுடலாம்.”

“நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“என்னத்தைச் சொல்றது? ‘மாமா, இவன் நொண்டி, எனக்குக் குடுங்க’ன்னா? நீயே சொல்லியிருக்க வேண்டியதுதானே?”

“எப்படிடா சொல்றது? அத்தனை பேர் உன்னைத்தான் போடுவாருன்னாங்க. அவரு என்னைப் போட்டாரு. அப்பா கேட்டுட்டு அழுதுட்டாருடா. எங்கப்பா!”

ரஸ் கதவைத் தள்ளியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். பட்டை கை மாறியிருக்கும். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். சத்தமாக ஒரு முறை இருமினார். உள்ளே அவசரமாக ஷூ தரையில் தட்டும் ஓசை கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்தார். காலை மறைக்க அவர்களுக்கு அவகாசம் கொடுத்துவிட்டு, பிறகுதான் உள்ளே போனார்.

“ரெடியா?”

“ரெடி கோச்” என்றான் ட்ரென்ட், எழுந்து நின்று. மைக்கா தரையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தே இருந்தான்.

கார்லின்காரர்கள் முட்டாள்கள் அல்ல. வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு, அவனை இடப்பக்கம் ஓட வைத்தார்கள். நின்று எறிய வழியில்லாமல் ட்ரென்ட் எறிந்த பந்துகள் குறி தவறின. ஒன்றைக் கார்லின்காரன் பிடித்து நேராக எல்லைக்கோடுவரை ஓடிப் புள்ளிகளை எடுத்தான். அடுத்த முறை ட்ரென்ட் இடப்பக்கம் ஓடி, வலது காலை ஊன்றித் திரும்பினான். அவன்மேல் யாரும் மோதவில்லை. பக்கத்தில்கூட ஆளில்லை. மடிந்த நாற்காலிபோலத் தானாகச் சரிந்தான்.

மைதானமே ஓய்ந்தது. ரஸ் ஓடினார். க்வென் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, காலுறையைக் கத்தரித்துப் பார்த்தாள். பிறகு தலை நிமிர்த்தினாள்.

“கோச், வியாழக்கிழமை இவன் ஓடினானா?”

ரஸ் புல்லில் ட்ரென்ட் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சாரி கோச்” என்றான் ட்ரென்ட். அவன் மன்னிப்புக் கேட்டதுதான் தாங்க முடியாமல் இருந்தது. படுத்தபடியே மணிக்கட்டிலிருந்த பட்டையை உருவி, மைக்காவின் கையில் தானே மாட்டினான்.

மைக்கா நன்றாக ஆடினான். அவன் இடப்பக்கம் ஓடிக்கொண்டே முதல் நீளப் பந்தை எறிந்தபோது கூட்டம் எழுந்து கத்தியது. வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக வந்தது. “மாப்பிள்ளையை முதல்லயே இறக்கியிருக்கலாமே கோச்! யாரு வேண்டாம்னது?”

டுவேன்தான். இந்த வாய்க்குப் பயந்தா இத்தனையும் செய்தார்?

முதலில் விட்டுக்கொடுத்த புள்ளிகளை மைக்காவால் கடைசிவரை எட்ட முடியவில்லை. மயிரிழையில் தோற்றார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் ட்ரென்ட்டின் அப்பா லெனர்ட் கோலார் காத்திருந்தார். சோளம் அறுத்து முடித்த காய்ப்பேறிய கைகள். பக்கத்தில் ட்ரென்ட் ஊன்றுகோல்களில் தொங்கிக்கொண்டிருந்தான். மைக்கா அவன் பையைச் சுமந்திருந்தான். லெனர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, ரஸ்ஸின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“தோத்தா என்ன கோச். என் பையனை நீங்க கைவிடல. மருமகனைத்தான் போடுவாருன்னு ஊரே சொல்லுச்சு. நான் நம்பல. வேற ஆளா இருந்தா போட்டிருப்பான்.”

‘பரவாயில்லை லெனர்ட்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ட்ரென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மைக்கா ட்ரென்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் வாயைத் திறக்கப் போவதில்லை. அவருக்காக இன்னும் மறைக்கத் தயாராக நின்றார்கள்.

“அவன் கால் சரியில்லைன்னு எனக்குத் தெரியும் லெனர்ட்.”

“என்ன?”

“ஓடச் சொன்னா தெரிஞ்சிடும்னுதான் நின்ன இடத்துலயே எறிய வெச்சேன். மைக்காவைப் போட்டா, மருமகனைப் போட்டான்னு பேசுவாங்கன்னு பயம். அதுக்குத்தான் உங்க பையனைப் போட்டேன்.”

லெனர்ட்டுக்கு அது உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது கைகள் ஒவ்வொன்றாக விலகின.

“உங்க பேரைக் காப்பாத்த என் பையன் காலா?” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மகனை லாரியில் ஏற்றி, கட்டுப் போட்ட காலைத் தானே தூக்கி வைத்தார். மைக்கா உதவப் போனபோது மட்டும், “நீ விடுப்பா, நீ நல்ல பையன்” என்றார். ரஸ்ஸின் பக்கம் திரும்பவேயில்லை.

லாரி போன பிறகு மைக்கா பட்டையைக் கழற்றி நீட்டினான். இன்னும் ஒரு ஆட்டம் பாக்கியிருந்தது, வெளியூரில்.

“உன்கிட்டயே இருக்கட்டும்” என்றார் ரஸ்.

“இங்க வேண்டாம் கோச். வியாழக்கிழமை தட்டுப் பக்கத்துல வைங்க. ட்ரென்ட்டும் இருக்கணும்.” பட்டையை ரஸ்ஸின் கையில் வைத்தான். “வருவானான்னு தெரியல.”

“அவனை நீங்கதான் போய்க் கூப்பிடணும்ப்பா” என்றாள் லிண்டி. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ரஸ் கோலார் பண்ணைக்குப் போனார். நொரீன் கொடுத்த ரோல் தட்டு கையில் சூடாக இருந்தது. நாய் குரைத்தது. லெனர்ட் கதவைப் பாதி திறந்து, ஆளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யாருப்பா வந்திருக்கிறது?” உள்ளேயிருந்து ட்ரென்ட்டின் குரல்.

லெனர்ட் நாயை அதட்டி அடக்கினார்.

“உன் கோச்” என்றார் கடைசியில். கதவை அவர் இன்னும் அகலமாகத் திறக்கவில்லை, மூடவும் இல்லை.

ரஸ் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றார்.