சர்வருக்கு ஓனர் சாமிநாதன்

என் வீட்டுக்காரர் சாமிநாதன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் கடையிலிருந்து ஆட்டோவில் ஒரு சர்வர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். தொட்டில் நீளம், முப்பது கிலோ. எங்கள் பொம்மனஹள்ளி வீட்டில் அதற்கு இடம் கட்டில் மட்டும்தான். ஸ்விட்சைப் போட்டதும் மாவு மில் மாதிரி இரைந்தது.

அவருக்கு வேலை போய் எட்டு மாதம். தெருமுனையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் உமேஷ், "திங்கக்கெழம சர்வர ஓட்டிக் காட்டுங்க சார், கிளாஸ் எடுக்கற வேல உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இந்தக் கூத்து.

திரை பாஸ்வேர்டு கேட்டது. அதற்கு மேலே ஓர் எச்சரிக்கை: அனுமதியின்றி நுழையாதீர்கள். ஓனர்: சாமிநாதன்.

பழைய ஆபீஸில் பத்து வருஷம் கட்டி மேய்த்த மெஷினையே காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார்! பாஸ்வேர்டு ஞாபகமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டதே இவர்தான். மூடியைக் கழற்றி உள்ளே ஒரு பின்னை மாற்றிப் போட்டால் பாஸ்வேர்டு அழிந்துவிடுமாம். குறுக்குவழியில் யாரும் நுழையக் கூடாதென்று அந்தப் பின்னைக் குறடு வைத்துப் பிடுங்கிப் போட்டதும் இவர்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவர் அதை ஆபீஸ் செலவில் செய்திருக்கிறார்.

வேறு வழியில்லாமல் பழைய ஆபீஸ் ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டார். பியாட்ரிஸ் என்ற பெண் எடுத்தாள். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாஸ்வேர்டு எங்க சிஸ்டம்ல இருக்கு சார். ஆனா ஓனர் சாமிநாதன் அப்ரூவ் பண்ணணும். அவரு யாருக்கும் பதிலே போடறதில்ல. எரநூத்திப் பதினாலு ரிக்வெஸ்ட் பெண்டிங்."

"நான்தாம்மா சாமிநாதன். என்னை வேலைய விட்டுத் தூக்கி எட்டு மாசம் ஆச்சு."

"இல்லியே சார், ஆக்டிவ்னு காட்டுது." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நீங்களே கேட்டு நீங்களே அப்ரூவ் பண்ண முடியாது. ரூல் இருக்கு."

அந்த ரூலை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே தெரிந்தது.

"பக்கத்துல மேடம் இருக்காங்களா? அவங்க பேர்ல போட்டுடறேன்" என்றாள். தங்கமான பெண்.

என் பேரில் விண்ணப்பம் போனது. வேலை போன நாளிலிருந்து சத்தத்தை அணைத்துத் திறக்காமலே வைத்திருந்த ஆபீஸ் ஆப்பை அவர் போனில் திறந்தார். அடுத்த நொடி அவர் போன் 'டிங்' என்றது. ராதா அனுமதி கேட்கிறார். காரணம்: வீட்டுத் தேவை.

மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நிராகரித்தார்.

"என்னங்க இது!"

"காரணம் போதாது ராதா. வீட்டுத் தேவைன்னா எப்படிக் குடுக்கறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மெஷினைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். கனம் என்பதால் விட்டேன்.

"எழுதிக்கம்மா" என்றேன் பியாட்ரிஸிடம். "எம் புருஷன் எட்டு மாசமா வீட்ல ஒக்காந்திருக்காரு. இது தொறக்கலன்னா நாளைக்குக் கெடைக்கிற வேலையும் போயிடும். அவர இப்படிப் பாக்க என்னால முடியல. போதுமா?"

டிங். அவர் ரொம்ப நேரம் படித்தார். என்னைப் பார்க்காமலே அனுமதித்தார்.

பாஸ்வேர்டு வந்தது. மெஷின் திறந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அதற்குள் இன்னொரு டிங். எட்டு மாதம் கழித்து சாமிநாதன் அசைந்தது ஆபீஸில் யார் கண்ணிலோ பட்டுவிட்டது. இருநூற்றுப் பதினான்கு விண்ணப்பங்களைக் கவனிக்காத காரணத்தால் அவரை இன்றுமுதல் பணிநீக்கம் செய்கிறார்களாம்.

ஒரே வேலையிலிருந்து இரண்டாவது தடவை! நான் அவர்களை வாயில் வந்தபடி திட்ட ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். முதல் தடவை இரண்டு நிமிஷ மீட்டிங்கில் வெளியே அனுப்பினார்கள். ஏன் என்று அவர் கேட்டதற்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"இந்தத் தடவ காரணம் எழுதியிருக்காங்க ராதா" என்றார். கண் கலங்கியிருந்தது. "நியாயமான காரணம்தான்."